பாட்டி டின்னில் கிடக்கும் பெயர் தெரியாத சாமான்: பழைய தையல் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பாட்டு மேசையின் மேல் துருப்பிடித்த ஏதோ ஒன்று, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் ஐம்பது காசு, கீழே "அக்கா, இது என்னன்னு தெரியுமா?" என்று ஒரு வரி. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டைக் காலி செய்யும்போது, பாட்டியின் அலமாரியை ஒழிக்கும்போது, கோங் குவான் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி பிறக்கிறது. நான் தையல்காரி இல்லை. அம்மா குவீன்ஸ்டவுன் வீட்டில் முப்பது வருடம் ரவிக்கை தைத்தார். அவருடைய டின்னைக் கிளறி வளர்ந்தவள் நான். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்படும்வரை வாராவாரம் அங்கே குந்தி உட்கார்ந்து பொறுக்கியவளும்கூட. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

பெயரே தெரியாத ஒரு கருவி. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அதைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கூகுளில் படத்தைப் போடுவதும் அப்புறம் ஆகட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கருவி என்ன வேலை செய்தது என்பதற்கு அதன் தேய்மானம்தான் சாட்சி. கைபட்ட இடம் மங்கலாக வழவழத்திருக்கும். துணி பட்ட இடம் கண்ணாடிபோல மின்னும். நூல் ஓடிய இடத்தில் மயிரிழை மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். பித்தளையானாலும் எஃகானாலும் வருடக்கணக்கில் நூல் ஓடினால் அறுக்காமல் விடாது.

தோழி ஒருத்தி நான்கு அங்குல எலும்புக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்தாள். கொண்டை ஊசி என்பது அவள் மாமியாரின் தீர்ப்பு. கொண்டை ஊசியாக இருந்தால் தலை எண்ணெய் ஏறி முழுக் குச்சியும் மஞ்சள் பாய்ந்திருக்க வேண்டும். இதில் நுனியிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் வெளுத்து மின்னியது, மீதி மங்கல். துணியில் குத்தித் திருகி ஓட்டை போடும் குச்சி அது. வெள்ளைத் துணியில் வட்ட ஓட்டைகள் போட்டு ஓரம் தைக்கும் ஐரோப்பிய எம்பிராய்டரிக்கு இதுதான் அடிப்படைக் கருவி. துணியின் இழையை அறுக்காமல் விலக்கிவிடும். அதற்காகவே நுனி கூராக இல்லாமல் மெதுவாகச் சரிந்து வரும்.

அடுத்து ஒரு காந்தம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தமே போதும். ஒட்டினால் இரும்போ எஃகோ உள்ளே இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத்துகளைத் தேடுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இது தையல் கருவிதானா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நல்லது. எனக்கு வரும் படங்களில் கணிசமானவை தையலோடு சம்பந்தமே இல்லாதவை. நம் வீடுகளில் வெற்றிலைச் செல்லமும் தையல் டின்னும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருந்தவை, ஒன்றின் சாமான் இன்னொன்றில் போய் விழுந்திருக்கும்.

"விநோதமான பழைய கத்தரிக்கோல்" என்று வருவது பெரும்பாலும் பாக்குவெட்டி. ஒரு பக்கம்தான் வெட்டும் அலகு, மறுபக்கம் தடித்த மேடை. மலாய்க்காரர் வீட்டிலும், சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டுப் பெரனாக்கன் வீட்டிலும் அதே சாமான் காச்சிப் என்ற பெயரில் இருக்கும். மூடி போட்ட சின்ன உருளை வந்தால் அது ஊசிக்கூடாகவும் இருக்கலாம், சுண்ணாம்புக் கரண்டகமாகவும் இருக்கலாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு. நீளவாக்கில் துருக்கறை இருந்தால் ஊசி. ஒரு வளையத்தில் மூன்று நான்கு மெல்லிய குச்சிகள் கோத்து, ஒன்றின் நுனி குட்டிக் கரண்டி மாதிரி குழிந்திருந்தால் அது குறும்பிவாங்கி, காது குடைவது. அதை எம்பிராய்டரிக் கருவி என்று ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நீண்ட கைப்பிடி, நுனியில் வளைந்த எஃகுக் கொக்கி என்றால் குரோஷா ஊசி என்று நினைப்பார்கள். கொக்கியின் வளைவு ஒரு சின்னப் பொத்தானைப் பிடிக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது பொத்தான் மாட்டும் கொக்கி. வரிசையாகப் பொத்தான் வைத்த பூட்சும் கையுறையும் போட்ட காலத்து வெள்ளைக்காரர்கள் பயன்படுத்தியது. துரை வீட்டில் வேலை பார்த்த தாத்தா இருந்தால் அந்த வழியாக வந்திருக்கும்.

பல் வைத்த சின்னச் சக்கரம், பிடி மரம். சோமாசி வெட்டுவதா, துணிக்கா?

பல்லைப் பாருங்கள். அலை அலையாக நெளிந்திருந்தால் சோமாசி ஓரம் வெட்டுவது, சமையலறைக்கு அனுப்புங்கள். ஊசிபோலக் கூரான பற்கள் என்றால் டிரேசிங் வீல்: பேப்பர் பேட்டர்னின் மேல் ஓட்டி, கீழே உள்ள துணியில் புள்ளிக்கோடு பதிப்பது. எங்கள் வீட்டில் ஒரே சக்கரம் இரண்டு வேலையும் செய்தது. தீபாவளி சோமாசியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும்.

மோதிரம் மாதிரி இருக்கிறது, உடம்பெல்லாம் குழி. ஆனால் வாய் சேரவில்லையே?

இங்கே அதிகம் கிடைக்கும் மர்மப் பொருள் இதுதான். சீனப் பெண்கள் போட்ட அங்குஸ்தான் அது, அதாவது ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் கவசம். பித்தளைப் பட்டையை வளைத்தது. விரலுக்குத் தக்கபடி அகட்டவும் இறுக்கவும் வேண்டும் என்பதற்காகவே வாய் சேராமல் விட்டிருப்பார்கள். நடுவிரலின் நடுக்கணுவில் மோதிரம்போல மாட்டிக்கொண்டு, ஊசியின் பின்புறத்தை அந்தக் குழியில் வைத்துத் தள்ள வேண்டும். துணிக்காலணியின் அடித்தட்டை அடுக்கி அடுக்கித் தைக்கும்போது விரல் நுனியால் தள்ளினால் தீர்ந்தது கதை. ஜப்பானியர்களுக்கும் இதே யோசனை, அவர்களுடையது தோலிலும் இருக்கும்.

நம் தையல்காரர்களின் அங்குஸ்தான் வேறு. மேல் மூடி இல்லாத குழல், பக்கவாட்டில் குழிகள். அவர்கள் விரலின் பக்கத்தால் ஊசியைத் தள்ளுகிறார்கள், நுனியால் அல்ல. மூடி போட்ட தொப்பி மாதிரி இருந்தால் ஐரோப்பிய வீட்டுப் பெண்களின் பழக்கம், மிஷன் பள்ளி வழியாக நம் பாட்டிகளுக்கும் வந்தது.

வெள்ளி மாதிரி இருக்கிறது, ஆனால் காந்தம் ஒட்டுகிறது என்றால் போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் சார்ல்ஸ் ஹார்னர் 1884-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். வெளியே வெள்ளி, உள்ளே வெள்ளி, நடுவில் எஃகு. வெள்ளி மெத்தென்று இருப்பதால் ஊசி குத்தி ஓட்டை விழுகிறது என்று பெண்கள் குறைப்பட்டதற்கு அவர் கண்ட வழி. டோர்காஸ் என்ற பெயரில் விற்றார். முழுக்க வெள்ளி இல்லை என்பதால் அதில் அரசு முத்திரை இருக்காது.

தோல் பட்டை, உள்ளங்கைப் பக்கம் ஓர் இரும்பு வட்டு, அதில் குழிகள் என்றால் கப்பல் பாய் தைப்பவரின் கைப்பட்டை. தார்ப்பாய், கித்தான் தைத்தவர்களும் அதைத்தான் போட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஊசி, நுனி வளைந்து முக்கோணமாக இருக்கிறது. மாட்டு வைத்தியமா?

கோணி ஊசி! இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், ஒரு சின்ன வருத்தம். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ, கிளார்க் கீ கிட்டங்கிகளில் அரிசியும் மிளகும் கொப்பரையும் சாக்கில்தான் வந்து இறங்கின. கிழிந்த சாக்கைத் தைக்க, நிரப்பிய சாக்கின் வாயை மூட, இந்த ஊசியும் சணல் கயிறும் வேண்டும். நுனி முக்கோணமாக இருப்பது சணல் இழைகளை வெட்டிக்கொண்டு போக. வளைந்திருப்பது, நிரம்பிய மூட்டைக்குப் பின்னால் கையை விட முடியாது என்பதால். ஒரே பக்கத்திலிருந்து குத்தி அதே பக்கத்தில் வெளியே இழுக்கலாம். காது அகலமாக, சில நேரம் முரட்டுத்தனமாக அடித்துத் திறந்ததாக இருக்கும்.

வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வரும் காராங்கூனிக்காரரின் பெயரிலும் இந்தச் சாக்குதான் இருக்கிறது. மலாயில் காரோங் என்றால் மூட்டை, கூனி என்பது நம் கோணியோடு உறவுள்ள சொல். ஆக, உங்கள் தாத்தாவின் கோணி ஊசியைக் காராங்கூனிக்காரரிடம் போடுவது ஒரு வகையில் பொருத்தம்தான். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

நேரான நீண்ட ஊசி, நுனி மொக்கை, காது பெரிது என்றால் நாடா கோக்கும் ஊசி. உள்பாவாடை நாடாவுக்கு நாம் இப்போது சேஃப்டி பின்னைப் பயன்படுத்துகிறோமே, அந்த வேலை. மொக்கையாக இருப்பதன் காரணம், துணிக் குழலுக்குள் போகும்போது குத்திக்கொண்டு நிற்கக்கூடாது.

படகு மாதிரி இருக்கிறது.

மூன்று படகுகள் உண்டு. விரலளவு நீளம், இரண்டு தட்டுகளும் நுனியில் ஒட்டினாற்போலச் சேர்ந்து, நடுவில் நூல் சுற்றும் தூண் இருந்தால் டாட்டிங் ஷட்டில். முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கைக்குட்டை ஓரத்துக்கு லேஸ் பின்னுவது. எலும்பிலும் ஆமையோட்டிலும் பிளாஸ்டிக்கிலும் வரும். கனமான எஃகு, ஒரு முனை தோட்டா மாதிரி கூர், பக்கத்தில் திறப்பு, உள்ளே மெல்லிய நீளக் கம்பிபோல ஒரு பாபின் இருந்தால் பழைய தையல் மெஷினின் ஷட்டில். மெஷின் போயிருக்கும், இது மட்டும் டின்னில் தங்கியிருக்கும். மூங்கிலிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு முனை கூராக, உள்ளே நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு, மறுமுனை கவட்டையாக இருந்தால் வலை பின்னும் ஊசி. கேலோங் என்ற கடல் மீன்பிடி மேடை வைத்திருந்தவர்கள் வீட்டில் சாதாரணம்.

வீட்டில் ஒரு சிங்கர் மெஷின் இருக்கிறது. எத்தனை வயது?

அடித்தட்டில், வலதுபக்கத் தூணுக்கு அருகே பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். தூசியும் எண்ணெயும் அப்பிக் கிடக்கும். வேட்டித் துணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் தெரியும். வெறும் எண் மட்டும் இருந்தால் 1900-க்கு முந்தையது. அதற்குப் பிறகு எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து சேர்ந்தது, எழுத்து ஆலையைக் காட்டும். எஃப், ஜே, ஒய் போன்றவையும், இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்துகளும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. ஜி-யும், ஏ-யில் தொடங்கும் இரட்டை எழுத்துகளும் அமெரிக்காவின் எலிசபெத் நகர ஆலை. நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் கிளைட்பேங்க் மெஷின்கள். 15கே, 66கே, 99கே, 201கே என்று மாடல் எண்ணின் கடைசியில் வரும் கே, அந்த ஆலை இருந்த கில்போவி என்ற இடத்தின் முதலெழுத்து. ஆலை 1980-இல் மூடப்பட்டது. எழுத்தையும் எண்ணையும் சிங்கர் வெளியிட்ட வரிசைப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு கிடைத்துவிடும்.

தூணில் உள்ள வட்ட முத்திரையின் ஓரத்தில் நீலப்பட்டையும் 1851, 1951 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது சிங்கரின் நூற்றாண்டுக்குச் செய்தது. "1851-இல் செய்த மெஷின், அக்கா" என்று வருடத்துக்கு ஒருவராவது எழுதுகிறார்கள். இல்லை தம்பி, அது கம்பெனி பிறந்த வருடம்.

மாடல் எண் அழிந்திருந்தால் பாபினைப் பாருங்கள். நீளக் கம்பி பாபின், தோட்டா ஷட்டில் என்றால் 28கே, 128கே வகை. ஊசிக்கு முன்னால் தகட்டை நகர்த்தி, வட்ட பாபினை மேலிருந்து போடுவதாக இருந்தால் 66கே அல்லது 99கே. கையால் சுற்றும் குட்டி மெஷின் என்றால் பெரும்பாலும் 99கே. இடது ஓரத்தில் பாபின் கூட்டோடு செருகுவது 15கே. இந்தியாவின் உஷாவும் ஷாங்காயின் பட்டர்ஃபிளையும் இந்த 15-ஐப் பார்த்துச் செய்தவைதான், அதனால் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது உண்டு.

ஊசி கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன எல்லா மெஷினுக்கும் இன்று கடையில் விற்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசி போதும். ஊசியில் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். தையல் விழவில்லை என்று சொல்பவர்களில் பலர் ஊசியைத் திருப்பி மாட்டியவர்கள்.

மெஷினோடு ஒரு பெட்டி நிறைய விசித்திரமான இரும்புத் துண்டுகள். எதற்கு?

அதுதான் மெஷினைவிடச் சுவாரஸ்யம். சிமான்கோ என்ற சொல்லும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா பாருங்கள். சிங்கர் மேனுஃபாக்சரிங் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. எண்ணை வைத்துப் பாகத்தின் பெயரைக் கண்டுபிடிக்கலாம். எண் இல்லாவிட்டால் உருவத்தை வைத்துச் சொல்கிறேன்.

சங்கு மாதிரி சுருண்ட கூம்பு இருந்தால் பைண்டர். நாடாத் துணியை அகன்ற வாயில் விட்டால் மடிந்து வெளியே வந்து ஓரத்தைக் கவ்விக்கொள்ளும். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கக் கஷ்டப்படுபவர்கள் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார்கள். ஒரு கவைக் கரம் நீட்டிக்கொண்டு, பல் வைத்த நீல நிறத் தகடுகள் முன்னும் பின்னும் ஆடினால் ரஃப்ளர், சுருக்கு வைப்பது. அந்தக் கவை ஊசி பிடிக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். அளவுக்கோடும் நகரும் முள்ளும் இருந்தால் டக்கர், பாவாடையில் வரிசையாக டக் வைக்க. முன்பக்கம் நத்தைபோலச் சுருண்ட தகடு ஹெம்மர், ஓரத்தைத் தானே மடிக்கும். வளைந்த கம்பி மட்டும் இருந்தால் மெத்தைத் தையலில் கோட்டுக்குக் கோடு இடைவெளி காக்கும் வழிகாட்டி. சோப்புப்பெட்டி அளவில் கனமாக, கூடவே சாவித்துளை வடிவ ஓட்டை போட்ட குட்டித் தகடுகள் இருந்தால் காஜா போடும் கருவி.

இவையெல்லாம் ஒரு மரப்பெட்டியில், பெட்டியே தட்டையாக விரிந்து ஒவ்வொன்றும் தன் இடத்தில் திருகப்பட்டு இருந்தால், அது 1889-இல் காப்புரிமை பெற்ற சிங்கர் பெட்டி. மூடத் தெரியாமல் விரித்தபடியே வைத்திருப்பார்கள். அதன் பட்டப்பெயரே புதிர்ப்பெட்டி.

கத்தரிக்கோல் முழுதாக மூட மாட்டேன் என்கிறது. கெட்டுப்போனதா?

இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு திருகு இருக்கிறதா, அலகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறதா? காஜா கத்தரிக்கோல். துணியின் ஓரத்தை வெட்டாமல் உள்ளே மட்டும் வெட்ட அந்தப் பள்ளம். திருகை நகர்த்தினால் வெட்டின் நீளம் மாறும். சாணைக்காரரிடம் கொடுத்து "சரி" செய்துவிடாதீர்கள்.

மணி வடிவத் தகடு, முழுக்க ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை எண்.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் பருமனை அளப்பது. பழைய ஆங்கில எண்முறை தலைகீழ்: 14 என்றால் 2 மில்லிமீட்டர், 8 என்றால் 4 மில்லிமீட்டர், 000 என்றால் 10 மில்லிமீட்டர். இந்த வெயிலில் யார் ஸ்வெட்டர் பின்னினார்கள் என்று கேட்காதீர்கள். பள்ளியில் பின்ன வைத்தார்கள், பின்னினோம்.

மரப்பிடியில் செருகிய மெல்லிய ஊசி, நுனியில் கொக்கி.

பிடி தடித்து, ஊசி நிரந்தரமாகச் செருகியிருந்தால் ஆரி ஊசி. துணியைச் சட்டத்தில் முறுக்காகக் கட்டி, மேலே ஊசி, கீழே இன்னொரு கையில் நூல் வைத்துச் சங்கிலித் தையல் போடுவது. இப்போது கல்யாண ரவிக்கைக்காக எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். பிடியில் சின்னத் திருகு இருந்து, ஊசியைக் கழற்றி மாற்ற முடிந்தால் ஐரோப்பியரின் டாம்பூர் கொக்கி. கீழை நாடுகளின் இந்த வேலையைப் பார்த்துத்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அந்த மோகம் பிறந்தது. கொக்கிக்குக் கீழே ஒரு குட்டி நாக்கு மேலும் கீழும் ஆடினால் அது கம்பளம் பின்னுவது.

பக்கத்து வீட்டு நோன்யா (பெரனாக்கன்) பாட்டி ஒரு மரச்சட்டம் கொடுத்தார். என்ன செய்வது?

முதலில் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீள்சதுரச் சட்டம், பக்கங்களில் துணிப்பட்டையும் கயிறு இழுத்துக் கட்டிய தடமும் இருந்தால் காசுட் மானேக் என்ற மணிச் செருப்புக்கு மணி கோத்துத் தைக்கும் சட்டம். அதோடு சின்னக் குப்பிகளில் மணல்போல மணிகள் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். பட்டை தீட்டிய பழைய ஐரோப்பிய மணிகளின் மினுமினுப்பு இப்போது வருவதில் கிடையாது. ஊசிகளும் மயிர்போல மெல்லியவை, மணியின் ஓட்டைக்குள் போக வேண்டுமே.

துணி சுற்றிய வட்ட வளையமும் சிங்கர் மெஷினும் சேர்ந்து வந்தால் கெபாயா என்ற பெண்கள் மேல்சட்டைக்கான எம்பிராய்டரி. மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி வொயில் என்ற மெல்லிய துணியில் பூ வரைவார்கள்; பூவுக்கு நடுவில் ஓட்டை வெட்டி லேஸ்போல ஆக்குவது தெபோக் லோபாங். 2024 டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பெரனாக்கன் அருங்காட்சியகத்தில் மணி வேலையை நெருங்கி நின்று பார்க்கலாம். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் சட்டத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

எலும்பா, தந்தமா, பிளாஸ்டிக்கா?

பூதக்கண்ணாடி எடுங்கள். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீறல்களும் தெரியும், உயிரோடு இருந்தபோது இரத்தம் ஓடிய குழாய்களின் தடம். தந்தத்தில் அவை இருக்காது. வெட்டிய முனையில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள், கோலத்துச் சிக்கல்போலத் தெரியும். கோடுகள் ஒரே சீராக, அச்சடித்த மாதிரி இணையாக ஓடினால் தந்தம் மாதிரி செய்த செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்.

செல்லுலாய்டுக்கு இன்னொரு சோதனை. கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து உடனே மோந்து பாருங்கள். கற்பூரம் மணக்கும். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். கழுதைக்குத் தெரியாத அந்த வாசனை நமக்குத் தெரியுமே. ஆனால் இணையத்தில் சொல்வதுபோலப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, அது பழசாகும்போது விடும் ஆவி எஃகை அரிக்கும். செல்லுலாய்டு டப்பாவில் ஊசிகளை வைத்துப் பத்திரப்படுத்தாதீர்கள்.

தந்தம் என்று உறுதியானால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள் யானைத் தந்தம் விற்பதற்குத் தடை. பாட்டியின் ஊசிக்கூட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். கேரோசெல் விற்பனைத் தளத்தில் விலை போட்டு ஏற்றக்கூடாது.

எழுத்துகளை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ஆர்.டி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருந்தால் 1884-இலிருந்து பிரிட்டன் கொடுத்த வடிவப் பதிவு எண். அதற்கு முன், 1842 முதல் 1883 வரை, வைரவடிவ முத்திரை குத்தினார்கள். டி.ஆர்.ஜி.எம். என்றால் ஜெர்மானியப் பதிவு, 1891-க்குப் பிறகு. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் இருந்தால் போர் முடிந்து 1952-க்குள். இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். கடல் பார்க்காத ஊருக்கு நங்கூரம் முத்திரை, அது வேறு கதை.

நீளமான மூங்கில் அளவுகோல், பத்துப் பிரிவுதான் இருக்கிறது.

சீனத் தையல்காரரின் அடிக்கோல். ஆங்கில அடியைவிட நீளம், பத்தாகப் பிரித்தது. முனைகளில் பித்தளைப் பூண் போட்ட 36 அங்குலக் கோல் என்றால் துணிக்கடைக் கஜக்கோல். சிங்கப்பூர் 1970-களில் மெட்ரிக்குக்கு மாறியது, அராப் ஸ்திரீட்டில் இன்னும் கஜத்தில்தான் கேட்கிறோம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

குறைவாக. இந்த ஊர் ஈரத்தில் துரு இரவோடு இரவாக வரும், ஆகவே எஃகு சாமான்களை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா பொட்டலத்தோடு டின்னில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகிச் சக்கரமே சுற்றாது. கறுப்பு மெஷினின் தங்கப் பூவேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மேலே பூசியிருக்கும் அரக்கு கரைந்து பூவும் போய்விடும். எலும்பைத் தண்ணீரில் ஊறப்போட்டால் வெடிக்கும்.

விலை போகுமா?

சிங்கர் மெஷின்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை, அதனால் பெரிதாகப் போகாது. மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறது என்று 2009-இல் சவுதி அரேபியாவில் ஒரு புரளி கிளம்பி, பழைய சிங்கருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தார்கள். அப்படி எதுவும் இல்லை. அந்த வதந்தியைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் சங்கிலியைக் கழற்றாமல் பேசுங்கள்.

யாரிடம் காட்டிக் கேட்கலாம்?

தேக்கா சென்டர் மாடியில் தைக்கும் அண்ணன்மார், அக்காமார்களிடம். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் போகாதீர்கள், கத்தரிக்கோல் பறக்கும். வெறுங்கையோடும் போகாதீர்கள், ஒரு பேன்ட் நீளம் குறைக்கக் கொண்டுபோனால் பேச்சு தானாக வரும்.

பாட்டி இருக்கிறார், ஆனால் கேட்டால் "மறந்துபோச்சு" என்கிறார்.

பெயரைக் கேட்காதீர்கள். கையில் கொடுத்துவிட்டு, மடியில் ஒரு துணியைப் போட்டுவிட்டு, டிவியை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

அம்மாவின் டின்னில் வெண்ணெய்க் கத்தி மாதிரி தட்டையான எலும்புத் துண்டு ஒன்று இருந்தது. நான் அதை ஐஸ்கிரீம் கரண்டி, புத்தகத் தாள் வெட்டுவது, நாக்கு வழிப்பது என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு என் பெயரே சில நாள் வராது. ஒருநாள் அதை நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி அவர் கையில் வைத்தேன். மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை மடித்து, அதன் விளிம்பால் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். சாக்பீஸ் இல்லாமல், பென்சில் இல்லாமல், துணியில் நேர்கோடு விழுந்தது. ஜப்பானியர் ஹெரா என்று சொல்லும் கருவியின் வேலை அப்படியே. பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏண்டி இப்படி வழிச்சு வச்சிருக்க? இனிமே கை வழுக்கும்."